எஞ்சினை மாற்றினால் போதுமா?

எங்கள் கல்லூரியின் இயற்பியல் சோதனைக் கூடத்தில் முதலாண்டு மாணவர்கள் மீட்டர் அளவுகோலைக் கத்திமுனையில் சமனாக நிறுத்த முயன்றுகொண்டிருந்தார்கள். இடப்பக்கம் ஓர் எடை, வலப்பக்கம் ஓர் எடை. இரண்டு பக்கத்துத் திருப்புத்திறன்களும் சமமானால் அளவுகோல் கிடைமட்டமாக நிற்கும். நீங்களும் பள்ளியில் இந்தச் சோதனையைச் செய்திருப்பீர்கள். ஒரு மாணவர் மட்டும் எடையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு ஏதோ யோசனையில் இருந்தார். என்னவென்று கேட்டேன்.

"சார், பழைய வண்டியில் பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்தால் வண்டி வேகமாக ஓடும்தானே? எங்கள் அண்ணன் தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில் அப்படித்தான் செய்யப்போகிறார்."

"ஓடும். ஆனால் முதலில் உன் கையில் இருக்கும் எடையை அளவுகோலின் ஒரு முனையில் தொங்கவிட்டுப் பார்" என்றேன். தொங்கவிட்டார். அளவுகோல் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

அவருக்கு அன்று நான் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன். இங்கிலாந்தில் பிறந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கதை அது. அந்தக் காரின் எஞ்சினை எடுத்துவிட்டுப் பெரிய எஞ்சினைப் பொருத்தும் வேலை இரண்டு முறை நடந்தது. முதல் முறை கார் கெட்ட பெயர் வாங்கியது. இரண்டாம் முறை நல்ல பெயர் வாங்கியது. ஆனால் குதிரைத்திறனைப் பார்த்தால், கெட்ட பெயர் வாங்கிய எஞ்சினுக்குத்தான் அது சற்று அதிகம்! அப்படியானால் வேறுபாடு எங்கே இருந்தது?

மூக்கு கனத்த கார்

ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகில் ஆபிங்டன் என்ற ஊரில் எம்.ஜி. கார்த் தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்து 1962இல் எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. சிறிய கார், தாழ்வான உடல். 1980இல் தொழிற்சாலை மூடப்படும் வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின.

அதன் எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆனது. நான்கு சிலிண்டர், 1798 சி.சி., 95 குதிரைத்திறன். இந்த எஞ்சினுக்கு நம் நாட்டிலும் ஓர் உறவு உண்டு. நம் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய அம்பாசடர் காரின் 1489 சி.சி. எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எம்.ஜி.பி.யின் எஞ்சினை அம்பாசடர் எஞ்சினின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம்.

வாங்கியவர்களுக்கு இன்னும் வேகம் வேண்டியிருந்தது. எனவே 1967இல் அதே உடலில் 2912 சி.சி. கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, எம்.ஜி.சி. என்று பெயரிட்டு விற்றார்கள். 145 குதிரைத்திறன்! நேர்ச்சாலையில் கார் பறந்தது. ஆனால் அந்த எஞ்சினும் முழுக்க இரும்புதான். பழைய எஞ்சினைவிட ஏறக்குறைய 95 கிலோ கூடுதல் எடை. உயரமும் அதிகமாக இருந்ததால் பானெட்டில் ஒரு புடைப்பு வைக்க வேண்டியதாயிற்று. முன்சக்கரங்களின் ஸ்பிரிங் அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று.

95 கிலோ என்பது கனத்த ஓர் ஆளின் எடைதானே என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எம்.ஜி.பி.யின் மொத்த எடையை 950 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 52 விழுக்காடு முன்சக்கரங்கள் மீது, அதாவது 494 கிலோ. மீதி 456 கிலோ பின்சக்கரங்கள் மீது. கூடுதலான 95 கிலோவும் முன்அச்சுக்கு நேர் மேலே அமர்ந்ததாகக் கொண்டால், முன்பக்கம் 589 கிலோ ஆகிறது. பின்பக்கம் அதே 456 கிலோ. இப்போது முன்பக்கப் பங்கு 56 விழுக்காடு. காரின் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகர்ந்துவிட்டது. மாணவரின் அளவுகோல் சாய்ந்தது நினைவிருக்கிறதா? இதுவும் அதே தத்துவம்தான்.

நேராக ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது. வளைவில்தான் வினை. வளைவில் திரும்பும் காருக்கு மையநோக்கு விசை வேண்டும். அதைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. முன்பக்கம் கனமானால் முன்டயர்கள் அதிக விசை தர வேண்டும். ஆனால் ரப்பர் டயருக்கு ஒரு குணம் உண்டு. சுமை ஏறும் அளவுக்கு அதன் பிடிப்பு ஏறுவதில்லை, சற்றுப் பின்தங்கிவிடுகிறது. எனவே ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் காரின் மூக்கு வளைவின் வெளிப்பக்கமாகவே போகப் பார்க்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சுத்தியலின் இரும்புத் தலையைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை இடமும் வலமும் திருப்புங்கள், எளிதாக இருக்கும். இப்போது கைப்பிடியின் நுனியைப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள், கை வலிக்கும். எடை ஒன்றுதான். ஆனால் அது சுழலும் மையத்திலிருந்து தள்ளிப் போய்விட்டது. இதை நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். தொலைவு இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகிறது. மூக்கில் கனத்த எஞ்சினைத் தாங்கிய கார், கைப்பிடி நுனியில் பிடித்த சுத்தியலைப் போன்றது. திரும்பத் தொடங்கவும் தயங்கும். திரும்பிய பின் நிற்கவும் தயங்கும்.

அன்றைய கார்ப் பத்திரிகைகள் எம்.ஜி.சி.யை மூக்கு கனத்த கார் என்று குறை கூறின. 1969இல், இரண்டே ஆண்டுகளில், அதன் உற்பத்தி நின்றது.

படகுக் கம்பெனியில் கிடந்த எஞ்சின்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1961இல் ஒரு புதுமையான எஞ்சினைக் கொண்டுவந்தது. எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்காமல், நான்கு நான்காக இரண்டு வரிசையில் சாய்ந்து நின்றன. முன்னாலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'வி' போல இருக்கும். ஆகவே வி-8 என்று பெயர். இதனால் எஞ்சினின் நீளம் வெகுவாகக் குறைகிறது. அதைவிட முக்கியம், அது அலுமினியத்தில் வார்க்கப்பட்டிருந்தது. வார்ப்பிரும்பின் அடர்த்தி நீரைப் போல ஏறக்குறைய 7.2 மடங்கு; அலுமினியத்தின் அடர்த்தி 2.7 மடங்குதான். ஆனால் அதை வார்ப்பதில் செலவும் சிக்கலும் அதிகமாக இருந்தன. 1963இல் அந்தக் கம்பெனி அந்த எஞ்சினைக் கைவிட்டது.

இங்கிலாந்தின் ரோவர் கார்க் கம்பெனியில் நிர்வாக இயக்குநராக இருந்த வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் வேறு ஒரு வியாபாரமாக அமெரிக்கா சென்றார். அங்கே ஒரு படகு எஞ்சின் கம்பெனியில் இந்த வி-8 எஞ்சின் ஒன்று கிடப்பதைக் கண்டார். இவ்வளவு சிறிதாக, இவ்வளவு இலேசாக எட்டு சிலிண்டர் எஞ்சினா என்று வியந்தார். 1965இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. 1967 முதல் 3528 சி.சி. அளவில் ரோவர் கார்களில் அது ஓடத் தொடங்கியது. ஒரு நாட்டில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது, மற்றொரு நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தது!

கார்ப் பந்தய வீரரான கென் காஸ்டெல்லோ என்பவர் 1970 வாக்கில் இந்த ரோவர் எஞ்சினை எம்.ஜி.பி.க்குள் பொருத்தி விற்கத் தொடங்கினார். அதற்குள் எம்.ஜி., ரோவர் இரண்டும் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே குடைக்குள் வந்திருந்தன. காஸ்டெல்லோவின் காரைப் பார்த்த அந்த நிறுவனம், தானும் அதைச் செய்ய முடிவெடுத்தது. 1973 ஆகஸ்டில் எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 வெளிவந்தது.

எஞ்சினின் அளவு பழையதைப் போல இரண்டு மடங்கு. எடையோ ஏறத்தாழ பழைய இரும்பு எஞ்சினின் எடைதான். ஈர்ப்பு மையம் நகரவில்லை. மூக்கு கனக்கவில்லை. 137 குதிரைத்திறன் என்பது எம்.ஜி.சி.யின் 145ஐ விடக் குறைவுதான். ஆனாலும் கார் மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டியது; வளைவிலும் சொன்னபடி கேட்டது. கார்புரேட்டர்களைப் பின்பக்கமாகத் தள்ளி வைத்ததால் பானெட்டில் புடைப்பும் தேவைப்படவில்லை.

எஞ்சினோடு வந்த மூன்று கணக்குகள்

எடைக் கணக்கு சரியாகிவிட்டது. அவ்வளவுதானா? இல்லை. வி-8 காரைக் கழற்றிப் பார்த்தால், எஞ்சினைத் தவிர வேறு பல உறுப்புகளும் மாறியிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது.

முதல் கணக்கு, திருப்பு விசை. பழைய எஞ்சின் தந்தது ஏறக்குறைய 150 நியூட்டன்-மீட்டர். புதியது 260. நான்காவது கியரில் எஞ்சினின் திருப்பு விசை அப்படியே பின்அச்சுக்குப் போகிறது. பழைய காரின் பின்அச்சில் இருந்த பற்சக்கரங்களின் விகிதம் 3.9. எனவே சக்கரங்களுக்குக் கிடைத்தது 150 × 3.9, அதாவது 585. பற்சக்கரங்களை மாற்றாமல் விட்டிருந்தால் 260 × 3.9 என்று 1000க்கு மேல் போயிருக்கும். அச்சுத் தண்டும் பற்களும் எவ்வளவு தாங்கும்? எனவே விகிதத்தை 3.07ஆகக் குறைத்தார்கள். இப்போது 260 × 3.07, சுமார் 800. இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அதே வேகத்தில் ஓட எஞ்சின் குறைவான சுற்றுகள் சுற்றினால் போதும்.

இரண்டாவது, வெப்பம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாகப் போகிறது. அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறும். இன்னொரு பகுதியை ரேடியேட்டர் நீர் ஏற்க வேண்டும். நீர் ஏற்கும் வெப்பம், தோராயமாக எஞ்சின் செய்யும் வேலை அளவுக்கே இருக்கும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 95 குதிரைத்திறனுக்கு 71 கிலோவாட். 137க்கு 102 கிலோவாட். ஒரு கிலோவாட் மின் அடுப்புகள் நூறு ஒரே நேரத்தில் பானெட்டுக்குள் எரிவதாக நினைத்துப் பாருங்கள். அதனால்தான் ரேடியேட்டரை முன்னே நகர்த்தி, இரண்டு மின்விசிறிகளை வைத்தார்கள்.

மூன்றாவதுதான் உயிர்க் கணக்கு. அது பிரேக். ஓடும் காரின் இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகம் × வேகம். பிரேக் போடும்போது இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறிப் பிரேக்கில் இறங்குகிறது. 1100 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 165 கிலோமீட்டரில் ஓடினால் ஆற்றல் சுமார் 11½ லட்சம் ஜூல். 200 கிலோமீட்டரில் ஓடினால் சுமார் 17 லட்சம் ஜூல். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது!

இந்த வெப்பம் முழுவதையும் பத்து கிலோ இரும்பு ஏற்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடேற்ற 460 ஜூல் தேவை. முதல் காரில் இரும்பு சுமார் 250 டிகிரி சூடேறும். இரண்டாவதில் சுமார் 370 டிகிரி. உடனே இன்னொரு முறை பிரேக் போட்டால்? சூடு மேலும் ஏறும். பிரேக் கட்டையின் உராய்வு குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் அப்படியே மறுமுனைக்குப் போகும் என்பது பாஸ்கல் விதி. குமிழியோ வாயு, அது நசுங்கிவிடும். பிரேக் மிதி தரை வரை போகும், கார் நிற்காது. எனவே வி-8 காருக்குத் தடிமனான பிரேக் தட்டுகளைப் பொருத்தினார்கள்.

இவ்வளவு கவனமாகச் செய்த காரும் நீண்ட நாள் விற்கவில்லை. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை வெகுவாக ஏறியது. பெரிய எஞ்சின் கார்களை மக்கள் தவிர்த்தார்கள். 2591 வண்டிகளோடு 1976இல் உற்பத்தி நின்றது.

இன்றைய எஞ்சின், அன்றைய டயர்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருக்கும் ஆர்வலர்கள் இன்றும் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் விரும்பித் தேடுவது எல்.எஸ்.1 என்ற எஞ்சினையும் அதன் குடும்பத்தையும். 1997இல் கார்வெட் காரில் அறிமுகமான இதுவும் அலுமினிய வி-8தான். 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு சிலிண்டர்களின் தலைக்கு மேல் இல்லாமல், இரண்டு வரிசைகளுக்கு நடுவே கீழே இருக்கிறது. தள்ளுகம்பிகள் வழியாக வால்வுகள் திறக்கின்றன. பழைய முறைதான். ஆனால் இதனால் எஞ்சினின் தலை சிறுத்து, பழைய காரின் குறுகிய பானெட்டுக்குள் அடங்குகிறது.

மூன்று கணக்குகளும் இங்கே மீண்டும் வருகின்றன, எண்கள்தான் பெரியவை. 345 குதிரைத்திறன் என்பது 257 கிலோவாட். கியர் பாக்ஸ், பின்அச்சு, ரேடியேட்டர், பிரேக் எல்லாம் மாற வேண்டும். பழைய கார்புரேட்டருக்குச் சிறிய அழுத்தத்தில் பெட்ரோல் போனால் போதும். எல்.எஸ்.1 எஞ்சினில் பெட்ரோலைப் பீச்ச வளிமண்டல அழுத்தத்தைப் போல நான்கு மடங்கு வேண்டும். எனவே பம்பும் குழாய்களும்கூட மாற வேண்டும். எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்பதை முடிவு செய்யும் சிறிய கணினியையும், அதற்குச் செய்தி தரும் உணரிகளையும் கூடவே கொண்டுவர வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு தடை நிற்கிறது. காரை முன்னே தள்ளுவது எது? எஞ்சின் என்பீர்கள். எஞ்சின் சக்கரத்தைத்தான் சுழற்றுகிறது. சக்கரம் சாலையைப் பின்னே தள்ள, சாலை காரை முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! சாலை தரக்கூடிய விசைக்கு உராய்வு ஓர் எல்லை வகுக்கிறது. டயரின் உராய்வுக் கெழு 0.8 என்றும், எடையில் பாதி பின்சக்கரங்கள் மீது என்றும் கொள்வோம். அப்போது காரின் மீப்பெரு முடுக்கம் 0.8 × 0.5 × 9.8, அதாவது விநாடிக்கு விநாடி 4 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 28 மீட்டர். எனவே அந்த வேகத்தை எட்ட 7 விநாடி ஆகும். கார் பாயும்போது எடை சற்றுப் பின்பக்கம் சாய்வதையும் சேர்த்தால் 6 விநாடி. எஞ்சின் 345 ஆனாலும் சரி, 1000 ஆனாலும் சரி, இந்த டயரோடு இதைவிட விரைவாகப் போக முடியாது. மிச்சத் திறன் எல்லாம் டயரைத் தேய்த்துப் புகையாக்கத்தான் பயன்படும்.

செய்து பாருங்கள்

மூடியுள்ள ஓர் அட்டைச் செருப்புப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை எடுத்துவிட்டு, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். பெட்டி எளிதில் கோணலாகிறது. இப்போது மூடியைப் போட்டு, சுற்றிலும் பசைக் காகிதம் ஒட்டி, மறுபடி முறுக்குங்கள். பெட்டி எவ்வளவு விறைப்பாகிவிட்டது!

எஞ்சின் தண்டை ஒரு திசையில் முறுக்கினால், காரின் உடலை எதிர்த்திசையில் முறுக்குகிறது. கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் மூடியில்லாத பெட்டி. கூரையுள்ள கார் மூடி ஒட்டிய பெட்டி. பிரிட்டிஷ் லேலண்ட் தொழிற்சாலை வி-8 எஞ்சினைக் கூரையுள்ள எம்.ஜி.பி.யில் மட்டுமே பொருத்தி விற்றது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் நடந்த தலைகீழ் மாற்றம்

அந்த ரோவர் வி-8 எஞ்சினின் கதையில் நம் ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. 1976இல் ரோவர் 3500 என்ற புதிய கார் அதே எஞ்சினோடு இங்கிலாந்தில் வெளிவந்தது. 155 குதிரைத்திறன். பின்னர் அந்தக் காரின் உடலைச் சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்து, 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் விற்றது. ஆனால் உள்ளே வி-8 இல்லை. 1940களில் உருவான வேன்கார்டு எஞ்சினின் வழிவந்த 1991 சி.சி. எஞ்சின்தான் இருந்தது. ஏறக்குறைய 83 குதிரைத்திறன். புதிய உடல், பழைய எஞ்சின்! அந்தப் பெரிய உடலை இழுக்க அந்த எஞ்சினுக்கு வலு போதவில்லை. 1988இல் உற்பத்தி நின்றுபோயிற்று. கனத்த எஞ்சின் காரைக் கெடுத்தது ஒரு கதை. வலுவற்ற எஞ்சின் காரைக் கெடுத்தது மற்றொரு கதை. இரண்டும் சொல்வது ஒன்றைத்தான். எஞ்சின், டயர், பிரேக், அச்சு, உடல் எல்லாம் ஒரே தராசில் நிற்கின்றன. ஒன்றில் கை வைத்தால் மற்ற எல்லாவற்றையும் மறுபடி நிறுக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட அந்த மாணவர் ஒரு வாரம் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அண்ணனின் மோட்டார் சைக்கிளுக்கு இயக்க ஆற்றல் கணக்குப் போட்டிருந்தார். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 120 ஆனால் பிரேக்கில் இறங்கும் வெப்பம் 2¼ மடங்கு. ஆனால் பிரேக் அதே பழைய பிரேக்தான்! கணக்கு சரியாக இருந்தது. சட்டத்தையும் சொல்லி அனுப்பினேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது.

அண்ணன் என்ன செய்தார் என்று பிறகு கேட்டேன்.

"எஞ்சினை விட்டுவிட்டார் சார். தேய்ந்துபோயிருந்த பிரேக் ஷூவை மட்டும் மாற்றினார்" என்றார்.

நல்ல மாற்றம்தான் என்றேன்.